எண்ணால் அறியப்படும் பயனர்: வலையமைப்புக் கோப்புப் பகிர்வு அனுமதிகளின் வரலாறு

வலையமைப்புக் கோப்புப் பகிர்வு என்பது ஒரு கணினியின் வட்டில் உள்ள கோப்புறையை மற்றொரு கணினி தன்னுடைய கோப்புறையைப் போலவே திறந்து படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் ஏற்பாடு ஆகும். காப்புப்பிரதிகளைச் சேமித்து வைக்க இத்தகைய பகிர்வுகள் பரவலாகப் பயன்படுகின்றன. காப்புப்பிரதி எடுக்கும் நிரல் இப்போது பல இடங்களில் கொள்கலன் எனப்படும் கன்டெய்னருக்குள் இயங்குகிறது. இவை இரண்டும் சேரும் இடத்தில் கணினி நிர்வாகிகள் அடிக்கடி காணும் பிழைச்செய்தி "அனுமதி மறுக்கப்பட்டது" என்பது. நிரல் கொள்கலனுக்குள் ரூட் என்னும் முழு அதிகாரப் பயனராக இயங்கும். பகிர்வுக் கோப்புறையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு கோப்பைக்கூட எழுத முடியாது.

இந்தச் சிக்கலில் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கோப்பு அனுமதிகள் 1970களைச் சேர்ந்தவை. வலையமைப்புப் பகிர்வு நெறிமுறைகள் 1980களைச் சேர்ந்தவை. சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் இயங்கும் கொள்கலன்கள் 2010களில் வந்தவை. "கேட்பவர் யார்?" என்ற கேள்விக்கு இம்மூன்றும் வெவ்வேறு விடை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படித் தோன்றியது என்று அறிந்தவருக்கு அந்தப் பிழைச்செய்தி எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

ஒரே கணினியில் பல பயனர்கள்

1960களில் கணினி விலை உயர்ந்த கருவியாக இருந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்தது. பலர் ஒரே வட்டைப் பயன்படுத்தியபோது ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமல் காக்கும் தேவை எழுந்தது. அக்கழகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் யார் என்னென்ன செய்யலாம் என்ற விரிவான பட்டியல் வைக்கப்பட்டது. இதுவே அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் எனப்படுகிறது.

பெல் ஆய்வகம் 1969இல் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு சிறிய கணினியில் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர. நினைவகம் மிகக் குறைவாக இருந்த அந்தக் கணினியில் நீண்ட பட்டியல்களுக்கு இடம் இல்லை. 1971 நவம்பரில் வெளியான முதல் பதிப்பின் கையேட்டில் கோப்பு அனுமதி சில பிட்டுகளில் அடங்கியது: உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா, மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா, கோப்பை நிரலாக இயக்கலாமா. பின்னர் குழு என்ற மூன்றாம் பிரிவு சேர்ந்தது. 1975இல் வெளியான ஆறாம் பதிப்பில் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று பிரிவுக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகளாக ஒன்பது பிட் அமைப்பு காணப்படுகிறது. இன்றைய லினக்ஸிலும் அதே ஒன்பது பிட்டுகள்தான் உள்ளன.

இந்த அமைப்பில் கோப்பின் உரிமையாளர் பெயரால் குறிக்கப்படுவதில்லை. வட்டில் எழுதப்படுவது யுஐடி எனப்படும் பயனர் எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது தனியாக ஒரு கோப்பில் இருக்கும். கோப்புப் பட்டியலைத் திரையில் காட்டும்போது அந்தக் கோப்பைப் பார்த்து எண்ணுக்குப் பதிலாகப் பெயர் காட்டப்படுகிறது. ஆறாம் பதிப்பில் பயனர் எண்ணுக்கு எட்டு பிட் ஒதுக்கப்பட்டிருந்தது. அதாவது 256 எண்கள். 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் அது 16 பிட் ஆனது. லினக்ஸில் 2001இல் வெளியான 2.4 பதிப்பிலிருந்து 32 பிட்.

இந்த எண்களில் 0 மட்டும் தனியானது. அதுவே ரூட். அந்த எண்ணோடு இயங்கும் நிரலுக்கு ஒன்பது பிட்டுகளும் தடையாவதில்லை. கணினியும் வட்டும் ஒரே அறையில் ஒரே நிர்வாகியின் பொறுப்பில் இருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. 100 என்ற எண் யாரைக் குறிக்கிறது என்பதில் ஒரே கணினிக்குள் குழப்பம் வர வழியில்லை.

எண் கம்பியில் ஏறியது

1982இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு யூனிக்ஸ் கணினி என்ற நோக்கில் பணிநிலையங்களை விற்றது. அவற்றுள் சில வட்டு இல்லாமலே வந்தன. எனவே கோப்புகளை வேறொரு கணினியிலிருந்து தர வேண்டியிருந்தது. இதற்காக சன் 1984இல் அறிமுகப்படுத்திய நெறிமுறையே என்.எஃப்.எஸ். எனப்படும் வலையமைப்புக் கோப்பு முறைமை. ரசல் சாண்ட்பர்க் உள்ளிட்டோர் 1985இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதன் வடிவமைப்பை விளக்குகிறது. நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 1989இலும் மூன்றாம் பதிப்பு 1995இலும் பொது ஆவணங்களாக வெளியாயின.

என்.எஃப்.எஸ். யூனிக்ஸின் அனுமதி முறையை அப்படியே வலையமைப்புக்குக் கொண்டு சென்றது. பயன்படுத்தும் கணினி ஒவ்வொரு வேண்டுகோளோடும் பயனர் எண்ணையும் குழு எண்களையும் அனுப்பும். கோப்பை வைத்திருக்கும் வழங்கி அந்த எண்களைத் தன் வட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு முடிவு செய்யும். கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. "நான் 1000" என்று கணினி சொன்னால் வழங்கி நம்பிவிடும்.

இதில் இரண்டு பிரச்சினைகள் இருப்பதை வடிவமைத்தவர்களே அறிந்திருந்தனர். முதலாவது, எண்கள் பொருந்த வேண்டும். ஒரு கணினியில் 500 என்ற எண் கொண்டவர் மற்றொன்றில் 1000 ஆக இருந்தால் அவருடைய கோப்புகள் அவருக்கே அந்நியமாகிவிடும். இது கற்பனை அன்று. ரெட்ஹாட் வழி வந்த லினக்ஸ்கள் நீண்ட காலம் முதல் பயனருக்கு 500 என்ற எண்ணைக் கொடுத்தன. டெபியன் 1000 கொடுத்தது. வலையமைப்பு முழுவதும் ஒரே எண் பட்டியலைப் பகிர்ந்துகொள்ள சன் நிறுவனம் எல்லோ பேஜஸ் என்ற சேவையை உருவாக்கியது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் பின்னர் என்.ஐ.எஸ். என்று மாற்றப்பட்டது. அதன் கட்டளைகளில் பழைய பெயரின் முதலெழுத்துகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது பிரச்சினை ரூட். மேசைக் கணினியை வைத்திருப்பவர் அதில் ரூட் ஆவது எளிது. அவர் 0 என்ற எண்ணை அனுப்பினால் வழங்கியில் உள்ள எல்லார் கோப்புகளும் அவர் கைக்கு வந்துவிடும். எனவே வழங்கி 0 என்ற எண்ணை மட்டும் நம்ப மறுத்தது. 0 வந்தால் அதை -2 என்று மாற்றி, நோபடி, அதாவது "யாரும் அல்லாதவர்" என்ற பயனராகவே நடத்தியது. 16 பிட்டில் -2 என்பது 65534 என்ற எண்ணாக அமையும். இந்த ஏற்பாட்டுக்கு ரூட் ஸ்குவாஷ் என்று பெயர். இன்றும் லினக்ஸ் என்.எஃப்.எஸ். வழங்கிகளில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் இதுவே நடைமுறை.

எளிதில் கண்ணுக்குப் படாத மற்றொரு எல்லையும் இந்த நெறிமுறையில் உண்டு. ஒரு வேண்டுகோளோடு அதிகபட்சம் 16 குழு எண்களையே அனுப்ப முடியும். 20 குழுக்களில் உறுப்பினரான பயனருக்கு, உரிமை தரும் குழு பதினேழாவதாக இருந்தால், அனுமதி மறுக்கப்படும். வழங்கியே குழுப் பட்டியலைத் தேடிக்கொள்ளுமாறு அமைத்தால் இந்த எல்லையைக் கடக்கலாம்.

மற்றொரு மரபு: எஸ்.எம்.பி.யும் சாம்பாவும்

தனிநபர் கணினிகளின் உலகம் வேறு வழியில் வந்தது. எம்.எஸ்.டாஸ் இயங்குதளத்தில் பயனர் என்ற கருத்தே இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய எஸ்.எம்.பி. நெறிமுறை இந்தக் கணினிகளுக்கானது. தொடக்கத்தில் பகிர்வுக்கே ஒரு கடவுச்சொல் இருந்தது. அதை அறிந்த யாரும் உள்ளே போகலாம். பின்னர் மைக்ரோசாஃப்ட்டின் லேன் மேனேஜர் காலத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் முறை வந்தது.

1993இல் வெளியான விண்டோஸ் என்.டி. இயங்குதளம் மல்டிக்ஸைப் போல ஒவ்வொரு கோப்புக்கும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் வைத்தது. பயனருக்குச் சிறிய எண்ணைக் கொடுக்காமல் பாதுகாப்பு அடையாளம் என்ற நீண்ட எண் தொடரைக் கொடுத்தது. அந்தத் தொடரின் ஒரு பகுதி எந்தக் கணினி அல்லது எந்த டொமைன் அந்தப் பயனரை உருவாக்கியது என்பதைக் குறிக்கும். எனவே இரண்டு கணினிகளின் பயனர்கள் தற்செயலாக ஒரே அடையாளம் பெறும் வாய்ப்பு யூனிக்ஸைவிட மிகக் குறைவு.

இரண்டு மரபுகளையும் இணைத்தவர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜல். யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் தன் டாஸ் கணினியிலிருந்து அணுகுவதற்காக 1991-92இல் அவர் எழுதத் தொடங்கிய நிரலே பின்னாளில் சாம்பா ஆனது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி அந்தப் பெயரை அவர் எடுத்தார். காப்புப்பிரதி எடுக்க இன்று உலகெங்கும் பயன்படும் ஆர்சிங்க் நிரலை 1996இல் பால் மக்கரசுடன் சேர்ந்து வெளியிட்டவரும் இவரே.

எஸ்.எம்.பி. பகிர்வை லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது, அதாவது கோப்பு அமைப்பில் ஓரிடத்தில் இணைக்கும்போது, நடப்பது என்.எஃப்.எஸ்.-க்கு நேர்மாறானது. வழங்கி பார்ப்பது மவுண்ட் செய்தபோது கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமே. அந்த இணைப்பின் வழியே யார் எழுதினாலும் வழங்கிக்கு அவர் அந்த ஒரே பயனர்தான். லினக்ஸில் காட்டப்படும் உரிமையாளர் எண்ணோ வழக்கமான அமைப்பில் வட்டில் இருந்து வருவதில்லை. மவுண்ட் செய்தவர் குறிப்பிட்ட எண்ணே எல்லாக் கோப்புக்கும் காட்டப்படும். ஆகவே இங்கே இரண்டு கதவுகள் உள்ளன. லினக்ஸ் தான் காட்டும் எண்ணை வைத்து ஒருமுறை சோதிக்கும். வழங்கி கடவுச்சொல்லின் பயனரை வைத்து மறுமுறை சோதிக்கும். இரண்டும் திறந்தால்தான் எழுத முடியும்.

இதனால் விளையும் மற்றொன்றும் உண்டு. ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரையும் அப்படியே காப்பாற்றச் சொல்லி ஆர்சிங்க் நிரலை எஸ்.எம்.பி. பகிர்வுக்கு ஓட்டினால் அது நிறைவேறாது. சில அமைப்புகளில் பிழை வரும். சிலவற்றில் எந்தச் செய்தியும் இன்றி உரிமையாளர் விவரம் கைவிடப்படும்.

எண்ணுக்குப் பதில் பெயர்

எண்ணை நம்பும் முறையின் பலவீனத்துக்கு மாற்று மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அத்தீனா திட்டத்தில் பிறந்தது. 1983இல் தொடங்கிய அத்திட்டத்தில் உருவான கெர்பரோஸ் முறையில், பயனர் முதலில் ஒரு மைய வழங்கியிடம் தன்னை உறுதிப்படுத்திச் சீட்டு பெறுவார். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் மற்ற வழங்கிகள் சேவை தரும். கணினி சொல்லும் எண்ணுக்கு இங்கே மதிப்பு இல்லை.

2003இல் திருத்தப்பட்ட வடிவில் வெளியான என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு இந்த முறையை நெறிமுறையின் பகுதியாக ஏற்றது. கோப்பின் உரிமையாளரையும் எண்ணாக அனுப்பாமல், மின்னஞ்சல் முகவரி போலப் பெயரும் டொமைனும் சேர்ந்த வடிவில் அனுப்ப வழிசெய்தது. ஆனால் கெர்பரோஸை நிறுவுவது சிறிய அலுவலகங்களுக்குச் சுமையாக இருந்தது. இரவில் ஆளில்லாமல் ஓடும் காப்பு நிரலுக்குச் சீட்டைப் புதுப்பித்துத் தர யாரும் இல்லை. அதற்கெனச் சாவிக் கோப்பு ஒன்றைத் தனியே அமைக்க வேண்டும். எனவே பலர் நான்காம் பதிப்பைப் பழைய எண் முறையோடே பயன்படுத்தினர். அப்போது ஒரு விசித்திரம் நிகழும். கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயர் சரியாகத் தெரியும், ஏனெனில் அது பெயராக வந்தது. எழுத முயன்றால் மறுக்கப்படும், ஏனெனில் வேண்டுகோளோடு சென்றது எண். கண்ணால் பார்ப்பதை நம்பித் தேடுபவர் இங்கேதான் அதிகம் வழிதவறுகிறார்.

கொள்கலனின் வருகை

நிரல் ஒன்றைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து வைக்கும் எண்ணமும் பழையதே. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் காலத்தில், ஒரு நிரலுக்குக் குறிப்பிட்ட கோப்புறையையே முழு வட்டாகக் காட்டும் வசதி வந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் ரூட் வெளியே வர வழிகள் இருந்தன. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஜெயில், அதாவது சிறை என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. பால் ஹென்னிங் காம்ப் உருவாக்கிய அதன் நோக்கமே எல்லாம் வல்ல ரூட்டைக் கட்டி வைப்பதுதான்.

லினக்ஸில் இந்த வேலை துண்டு துண்டாக நடந்தது. கோப்பு அமைப்புக்குத் தனிப் பெயர்வெளி 2002இல் வந்தது. நினைவகத்தையும் செயலி நேரத்தையும் பங்கிடும் வசதி 2008இல் வந்தது. அதே ஆண்டில் இவற்றைத் தொகுத்து எல்.எக்ஸ்.சி. என்ற கொள்கலன் திட்டம் தொடங்கியது. எரிக் பைடர்மன் முன்னின்று உருவாக்கிய பயனர் பெயர்வெளி 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8 பதிப்பில் பயன்பாட்டுக்குத் தயாரானது. அடுத்த மாதமே டாக்கர் பொதுவெளியில் அறிமுகமானது.

பயனர் பெயர்வெளி எண்களை இடம்பெயர்க்கிறது. கொள்கலனுக்குள் 0 முதல் 65535 வரை உள்ள எண்கள், அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியில் 100000 முதல் 165535 வரை உள்ள எண்களாக மாறுகின்றன. உள்ளே ரூட்டாக இருக்கும் நிரல் வெளியே 100000 என்ற, எந்த உரிமையும் இல்லாத பயனர். அது கொள்கலனை உடைத்து வெளியேறினாலும் ஹோஸ்ட்டின் கோப்புகளைத் தொட முடியாது. 2014இல் வெளியான எல்.எக்ஸ்.சி. 1.0 இத்தகைய சிறப்புரிமை இல்லாத கொள்கலன்களைச் சாத்தியமாக்கியது. 2015இல் எல்.எக்ஸ்.சி.-க்கு மாறிய பிராக்ஸ்மாக்ஸ் இயங்குதளம் இவற்றைப் பரவலாக்கியது. டாக்கரில் இந்த இடப்பெயர்ப்பு 2016இல் சேர்க்கப்பட்டது. ஆனால் நிர்வாகி கேட்டால்தான் செயல்படும்.

இடப்பெயர்ப்புப் பட்டியலில் இல்லாத எண்ணுக்குச் சொந்தமான கோப்பு கொள்கலனுக்குள் 65534, அதாவது நோபடி என்று காட்டப்படும். 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்த அதே "யாரும் அல்லாதவர்" வேறொரு காரணத்துக்காக இங்கே மீண்டும் வருகிறார்.

மூன்று அடுக்குகளும் சந்திக்கும் இடம்

காப்புப்பிரதியின் சிக்கலை இப்போது படிப்படியாகப் பார்க்கலாம். சிறப்புரிமை இல்லாத கொள்கலன், வழக்கமான அமைப்பில் வலையமைப்புப் பகிர்வைத் தானே மவுண்ட் செய்ய முடியாது. கெர்னல் அதை அனுமதிப்பதில்லை. எனவே ஹோஸ்ட் மவுண்ட் செய்து, அந்தக் கோப்புறையைக் கொள்கலனுக்குள் காட்ட வேண்டும்.

பகிர்வு என்.எஃப்.எஸ். என்று கொள்வோம். கொள்கலனுக்குள் காப்பு நிரல் ரூட்டாக ஒரு கோப்பை எழுத முயல்கிறது. எண் 0, ஹோஸ்ட்டில் 100000 ஆகிறது. வழங்கிக்குச் செல்வதும் 100000. வழங்கியில் அப்படி ஒரு பயனரே இல்லை. கோப்புறை வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தால் "மற்றவர்" பிரிவின் உரிமையே கிடைக்கும். பெரும்பாலும் எழுத முடியாது. இந்த நிலையில் பலர் ரூட் ஸ்குவாஷ் வசதியை நீக்கிப் பார்க்கின்றனர். அதனால் பயன் இல்லை. ரூட் ஸ்குவாஷ் தடுப்பது 0 என்ற எண்ணை. இங்கே வருவது 0 அல்ல. பாதுகாப்பு குறைந்ததுதான் மிச்சம்.

டெபியனில் இணைய வழங்கி நிரல்களின் பயனர் எண் 33. கொள்கலனுக்குள் அந்தப் பயனர் எழுதினால் வழங்கிக்குச் செல்வது 100033. இடப்பெயர்ப்பு இல்லாத டாக்கர் கொள்கலனிலோ அதே 33 அப்படியே செல்லும். ரூட்டாக எழுதினால் 0 சென்று ரூட் ஸ்குவாஷில் சிக்கும். ஒரே நிரல் இரண்டு வகைக் கொள்கலன்களில் இரண்டு வேறு காரணங்களுக்காக ஒரே பிழைச்செய்தியைத் தருகிறது.

கொள்கலனையே காப்பெடுக்கும்போதும் இது நேரும். பிராக்ஸ்மாக்ஸின் காப்பு நிரல் சிறப்புரிமை இல்லாத கொள்கலனின் கோப்புகளை அதே இடப்பெயர்ப்புக்குள் நின்று சேகரிக்கிறது. தற்காலிகக் கோப்புறை என்.எஃப்.எஸ். பகிர்வில் அமைந்தால், அங்கே நுழைய முயல்வது 100000 என்ற பயனர், அனுமதி மறுக்கப்படும். தற்காலிகக் கோப்புறையை ஹோஸ்ட்டின் சொந்த வட்டுக்கு மாற்றினால் காப்பு ஓடத் தொடங்கும். இறுதிக் கோப்பை மட்டும் ஹோஸ்ட்டின் ரூட் பகிர்வில் எழுதும்.

காரணத்தைக் கண்டறிய ஏற்ற வரிசை அடுக்குகளின் வரிசையே. முதலில் கொள்கலனுக்குள் நிரல் எந்த எண்ணில் இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து இடப்பெயர்ப்புப் பட்டியலை வைத்து அது ஹோஸ்ட்டில் எந்த எண் ஆகிறது என்று கணக்கிட வேண்டும். ஹோஸ்ட்டில் அதே எண்ணோடு ஒரு கோப்பை எழுதிப் பார்த்தால் பழுது கொள்கலனிலா பகிர்விலா என்பது தெளிவாகும். பிறகு வழங்கியில் கோப்புறையின் உரிமையாளரைப் பெயராக அல்லாமல் எண்ணாகப் பார்க்க வேண்டும். மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் உரிமை இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். எண்கள் எல்லாம் பொருந்தியும் மறுக்கப்பட்டால் எஸ்.இ.லினக்ஸ் போன்ற கூடுதல் காவல் அமைப்பின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அது எண்ணைப் பார்க்காமல் கோப்பின் மேல் ஒட்டிய குறிச்சீட்டைப் பார்த்து முடிவெடுக்கும்.

தீர்வும் காரணத்தைப் பொறுத்தது. என்.எஃப்.எஸ். வழங்கியில் காப்புக் கோப்புறையை 100000 போன்ற வரவிருக்கும் எண்ணுக்கே உரிமையாக்கலாம். அல்லது அந்தப் பகிர்வுக்கு வரும் எல்லா எண்களையும் காப்புக்கென உருவாக்கிய ஒரே பயனராக மாற்றுமாறு வழங்கியிடம் சொல்லலாம். எஸ்.எம்.பி. பகிர்வானால் மவுண்ட் செய்யும்போதே உரிமையாளர் எண்ணாக 100000 கொடுத்தால் கொள்கலனுக்குள் அது ரூட்டாகத் தெரியும். கிறிஸ்டியன் பிரவுனர் உருவாக்கி 2021இல் லினக்ஸ் 5.12 பதிப்பில் சேர்ந்த வசதி, மவுண்ட் செய்யும் இடத்திலேயே எண்களை மாற்றித் தருகிறது. தொடக்கத்தில் இது எக்ஸ்ட்4, எக்ஸ்.எஃப்.எஸ்., ஃபேட் ஆகிய உள்ளூர் வட்டு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைத்தது.

மீட்கும்போது மீண்டும் அதே கேள்வி

காப்புப்பிரதியின் பயன் மீட்பில்தான் தெரியும். அங்கேயும் பெயரா எண்ணா என்ற கேள்வி வருகிறது. நாடாக்களில் கோப்புகளைச் சேர்த்து வைக்க யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த டார் நிரல் உரிமையாளரின் எண்ணை மட்டும் எழுதியது. 1988இல் போசிக்ஸ் தரம் வகுத்த வடிவத்தில் பெயரும் சேர்ந்தது. இப்போது கோப்பில் இரண்டும் உண்டு. குனு டார் நிரல் ரூட்டாக விரிக்கும்போது பெயருக்கே முதலிடம் தரும். பழுதான கணினியை வேறொரு இயங்குதளத்தின் துணையோடு மீட்கும்போது அங்கே அதே பெயருக்கு வேறு எண் இருந்தால், கோப்புகள் தவறான எண்ணோடு திரும்பும். எண்ணையே பின்பற்றச் சொல்லும் தெரிவு டாரிலும் ஆர்சிங்கிலும் உண்டு. கொள்கலன்களை மீட்கும்போது அதுவே பொருத்தமானது.

எஸ்.எம்.பி. பகிர்வில் உரிமையாளர் விவரம் நிற்காது என்பதால், கோப்புகளைத் தனித்தனியாக அங்கே நகலெடுப்பதைவிட ஒரே தொகுப்புக் கோப்பாகச் சேர்த்து வைப்பது நல்லது. தொகுப்புக்குள் எண்களும் உரிமைகளும் பத்திரமாக இருக்கும். பகிர்வு அதை ஒரு சாதாரணக் கோப்பாக மட்டும் பார்க்கும்.

குறுக்குவழியின் விலை

அனுமதிப் பிழையைப் போக்க மூன்று குறுக்குவழிகள் பழக்கத்தில் உள்ளன. கோப்புறைக்கு எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற எண்ணை இடுவது, வழங்கியின் ரூட் ஸ்குவாஷை நீக்குவது, கொள்கலனைச் சிறப்புரிமை உள்ளதாக மாற்றுவது ஆகியவையே அவை. முதலாவது, வழங்கி அதை ஏற்கும் இடங்களில் பிழையைப் போக்கிவிடும். மற்ற இரண்டும் சேர்ந்தால் கொள்கலனின் ரூட், வழங்கிக்கும் ரூட் ஆகிவிடும். ஆனால் காப்புப்பிரதியை எழுதவும் அழிக்கவும் முடிந்தவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல், எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்திக் கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளும் அதில் பாதிக்கப்பட்டன. இத்தகைய தீநிரல்கள் தாம் இயங்கும் பயனர் எழுதக்கூடிய எல்லாக் கோப்புகளையும் மறையாக்கம் செய்கின்றன. மவுண்ட் செய்யப்பட்டுள்ள காப்புப் பகிர்வும் அவற்றுள் அடங்கும். யாரும் எழுதக்கூடிய காப்புப்பிரதி ஆபத்து நேரத்தில் உதவாது.

மறுபுறம், பிழையைக் கவனிக்காமல் விடுவதும் அதே அளவு கேடு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தளக் கோப்புறையை நீக்கினார். காப்புப்பிரதிகளைத் தேடியபோது அவை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளத்தின் பதிப்பும் காப்பு நிரலின் பதிப்பும் பொருந்தாததால் காப்பு தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவித்த மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்திருந்த நகல் ஒன்றே கைகொடுத்தது. அந்த நிறுவனமே இந்த விவரங்களை வெளியிட்டது. அங்கே காரணம் கோப்பு அனுமதி அல்ல. ஆனால் இரவில் ஆளில்லாமல் ஓடும் காப்பு அனுமதிப் பிழையால் தோற்றாலும் விளைவு இதேதான்.

இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் இடையே நிர்வாகிகள் கண்ட நடைமுறைகள் சில உண்டு. காப்புக்கெனத் தனிப் பயனரும் தனிப் பகிர்வும் வைப்பது, அந்தப் பகிர்வை ஒரே ஒரு கணினிக்கு மட்டும் திறப்பது, வழங்கியே தன் பக்கத்தில் நொடிப்பிரதிகளை எடுத்து அவற்றை அழிக்கும் உரிமையைக் கொள்கலனுக்குத் தராமல் இருப்பது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. சிலர் திசையையே மாற்றுகின்றனர்: கொள்கலன் பகிர்வில் எழுதுவதற்குப் பதிலாக, காப்பு வழங்கியே வந்து கோப்புகளை எடுத்துச் செல்லும். அப்போது கொள்கலனிடம் காப்பிடத்தின் சாவியே இருக்காது.

ஒரே அறையில் இருந்த ஒரே கணினிக்காக வகுக்கப்பட்ட எண், ஐம்பது ஆண்டுகளில் கம்பி வழியாகவும் கொள்கலன் சுவர் வழியாகவும் பயணம் செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு எல்லையிலும் அதை நம்பலாமா என்று ஒருவர் புதிதாக முடிவெடுத்தார். "அனுமதி மறுக்கப்பட்டது" என்ற செய்தி அந்த முடிவுகளுள் ஒன்று இன்னும் வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. எந்த எல்லையில், எந்த எண்ணுக்கு என்று கண்டுபிடித்து அந்த ஒரு கதவை மட்டும் திறந்தால், காப்புப்பிரதியும் எழுதப்படும். அதன் காவலும் குலையாது.